நிக்கல் பூசிய பிஸ்டலும் அதற்கு ஆகாத தோட்டாவும்

பளபளப்பு

ரங்கூன் லான்மடாவில் ஒரு பூச்சுக் கடை இருந்தது. பகோடா மணிகளுக்கும் மோட்டார் சைக்கிள் சைலன்சர்களுக்கும் நிக்கல் ஏற்றிக் கொடுப்பார்கள். இரண்டுக்கும் ஒரே தொட்டி. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தின் செயலாளர் ஐம்பது வயது தாண்டிய ஒரு ஒன்பது எம்.எம். பிஸ்டலை அந்தத் தொட்டியில் முக்கி எடுத்துக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தார். சங்கத்தின் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரர் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எப்படி இருக்கு, கோ மோ?" என்றார்.

கோ மோ என்பது நான்தான். வீட்டில் மோகன், ஆபீஸில் கோ மோ. ரங்கூன் தமிழனுக்கு இரண்டு பெயர் உண்டு. திட்டு விழும்போது இரண்டுக்கும் சேர்த்து விழும்.

"ரொம்ப நல்லா இருக்கு, சயா" என்றேன். சயா என்றால் வாத்தியார். மேலதிகாரியையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அவரிடம் நான் சொன்ன பொய்களில் அதுதான் முதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கும் என்னைக் கடிப்பது அந்தப் பொய்தான்.

நல்லா இல்லை. ஆர்மரர் வேலைக்கு வரப்போகிற தம்பிகளுக்கு ஏன் இல்லை என்று சொல்கிறேன். பழைய பிஸ்டலின் உடம்பு எப்படி இருக்கிறது என்பது அதன் தோலில்தான் தெரியும். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே கறுத்திருக்கிறது, எங்கே கீறல் விட்டிருக்கிறது என்று வருஷா வருஷம் பார்ப்பேன். கீறல் பார்க்க என்னிடம் மெஷின் கிடையாது. மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி தூவ வேண்டும். கீறல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் வெளியே வந்து பொடியில் ஒரு கோடு போடும். சாக்பீஸ் பொடிக்கு மனுப் போட்டு இரண்டு வருஷம் காத்திருந்தேன். வரவில்லை. அதனால் தனாக்காப் பொடி வாங்கினேன். பெண்கள் கன்னத்தில் பூசுகிறார்களே, அதேதான். கன்னத்துக்குச் செய்வதை, பேரலை மூடி முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடுக்கும் நன்றாகவே செய்தது.

அந்த ஸ்லைடு மேல் இப்போது நிக்கல். கீறல் இருந்தால் அது நிக்கலுக்கு அடியில். மண்ணெண்ணெய் உள்ளே போகாது, தனாக்கா எதையும் சொல்லாது. சுவர் வெடிப்பின் மேல் காலண்டர் மாட்டியது மாதிரி.

இன்னும் இருக்கிறது. பூசுவதற்கு முன் ஆசிடில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் ஸ்பிரிங்குகளைக்கூடக் கழற்றவில்லை. ஆசிடிலும் தொட்டியிலும் குளித்த ஸ்பிரிங் பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும், ஒரு நாள் பிஸ்கட் மாதிரி உடையும். பாலிஷ் சக்கரத்தில் தேய்த்ததில் சியரின் முனை மழுங்கியிருந்தது. சியர் என்பது ஹேமரைப் பிடித்து வைத்திருக்கும் சின்னக் கொக்கி. அது மழுங்கினால் ட்ரிக்கரை ஒரு தடவை இழுத்தால் இரண்டு தடவை வெடிக்கலாம். இதையெல்லாம் செயலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "ரொம்ப நல்லா இருக்கு, சயா."

தோட்டா

பிஸ்டலுக்கு நிக்கல் பூசியதற்குக் காரணம், சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் பெரிய விருந்தினர் ஒருவர் வருகிறார் என்பது. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். ரிப்பன் வெட்டுவதற்குப் பதில் விருந்தினர் பழைய பிஸ்டலில் ஐந்து குண்டு சுடுவார். அதற்கு முன்னால் சங்கத்தின் நல்ல ஷூட்டர் ஒருவர் அதே பிஸ்டலில், அதே தோட்டாவில் ஐந்து சுட்டுக் காட்ட வேண்டும். "பிஸ்டல் சொன்ன பேச்சுக் கேட்கிறது என்று காட்ட" என்பார்கள். உண்மையான காரணம் வேறு. பிஸ்டல் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் விருந்தினருக்குப் பதில் வேறொருவர் அடிபட வேண்டும். வாய்விட்டு யாரும் இதைச் சொன்னதில்லை.

அந்த வருஷம் சுட்டுக் காட்ட வேண்டியவள் செல்வி.

செல்விக்கு ஆபீஸில் பெயர் மா வின். கியாக்தான் பக்கத்து நெல் வயல்காரர்களின் மகள், தினமும் பஸ்ஸில் வந்துபோவாள். துப்பாக்கி சுடுவதால் கிடைத்த ஒரு குமாஸ்தா வேலை. குறி தவறினால் வேலையும் தவறும். மறு மாதம் வெளிநாட்டுப் போட்டிக்கு டீம் தேர்வு இருந்தது. அவள் பெயர் மேலே இருந்தது. அந்த வலது கையை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்றால், பஸ்ஸில் இடது கையால்தான் கம்பியைப் பிடிப்பாள்.

"அண்ணே, இந்தப் பிஸ்டல் என்ன கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னுது? சுடலாமா, கும்பிடலாமா?" என்றாள் அதைப் பார்த்ததும்.

"நான் சரி பண்ணித் தரேன். சுடலாம்."

சரி பண்ணினேன். பத்து நாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவிலிருந்து காலை முதல் ஃபெரியில் ஏறி வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அதே வேலை. எல்லா ஸ்பிரிங்கையும் தூக்கிப் போட்டேன்; நான் பல வருஷமாக மோதிரம் மாதிரிப் பொத்தி வைத்திருந்த புது ஸ்பிரிங்குகளைப் போட்டேன். சியரை எண்ணெய்க் கல்லில் தீட்டினேன். தோட்டா உட்காரும் சேம்பருக்குள் ஏறியிருந்த நிக்கலைச் சுரண்டி எடுத்தேன். கீறலைப் பற்றி மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. போன வருஷம் தனாக்கா போட்டபோது கோடு இல்லை. ஆகவே இப்போதும் இருக்காது என்று எனக்கு நானே சர்டிஃபிகேட் கொடுத்துக்கொண்டேன்.

இதில் கைகொடுக்க வேண்டியது தோட்டா. ஒன்பது எம்.எம். என்று பெட்டியில் போட்டிருந்தால் எல்லாம் ஒன்றல்ல. எங்கள் பீரோவில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, டார்கெட் சுடுவதற்கான, மருந்து குறைந்த மெதுவான லோடு. இன்னொன்று, பழுப்பு அட்டைப் பெட்டியில் வரும், சப்-மெஷின் கன்னுக்காகச் செய்தது. தோட்டாவின் அடியில் பொறி வைக்கும் ப்ரைமரைச் சுற்றி ஊதா வார்னிஷ் வளையம் இருக்கும். அளவு ஒன்றே. பழைய பிஸ்டலுக்குள் அழகாகப் போய் உட்காரும். ஆனால் மருந்து அதிகம். சப்-மெஷின் கன்னின் போல்ட் இரும்புக் கட்டி, அந்த உதையைத் தாங்கும். ஐம்பது வயதுப் பிஸ்டல் முதல் தடவை தாங்கும், பத்தாவது தடவையும் தாங்கும், எந்தத் தடவை தாங்காது என்று முன்கூட்டி எழுதிக் கொடுக்காது.

எது அதிக லோடு என்று தெரிய, சுட்டதும் வெளியே தெறிக்கும் காலிக் கேஸ் எங்கே விழுகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று எட்டுத் தூரத்தில் விழுந்தால் நல்லது. செருப்பு மேலேயே விழுந்தால் லோடு போதவில்லை. பக்கத்து லேனில் சுடுகிறவர் தலையைத் தடவிக்கொண்டு திட்டினால் லோடு அதிகம், அல்லது ஸ்பிரிங் செத்துவிட்டது. இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதிப் பிஸ்டல்கள் பிழைக்கும்.

நான் மெதுவான லோடில் ஐம்பது தோட்டாவை எண்ணி எடுத்து, ஒவ்வொன்றையும் துடைத்து, ஒரு டப்பாவில் போட்டு, "இந்தப் பிஸ்டலுக்கு இது மட்டும்" என்று பர்மிய மொழியில் எழுதி ஒட்டினேன்.

விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. செல்வி ஐந்து சுட்டாள். ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள். கேஸ்கள் மூன்று எட்டில் வரிசையாக விழுந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

செயலாளர் முகத்தைச் சுளித்தார். "என்ன சத்தம் இது? அப்பளம் உடைக்கிற மாதிரி. பின்வரிசையில் இருக்கிறவங்களுக்குக் கேட்குமா?"

"டார்கெட்டுக்கு இதுதான் சரியான லோடு, சயா."

"டார்கெட் கை தட்டாது, கோ மோ. ஆட்கள்தான் கை தட்டுவாங்க."

மூன்றாவது குண்டு

விழா அன்று காலை, செயலாளரின் உதவியாளர் கோ லுவின் என்பவர் மேஜையில் மேகசினுக்குத் தோட்டா ஏற்றிக்கொண்டிருந்தார். என் டப்பா ஓரத்தில் மூடி இருந்தது. அவர் கையில் பழுப்பு அட்டைப் பெட்டி. இரண்டடி தூரத்திலிருந்து ஊதா வளையங்களைப் பார்த்தேன்.

நான் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். இத்தனை வருஷமாக மனப்பாடம்.

"மன்னிக்கணும், தப்பா நினைச்சுக்கக் கூடாது, இந்தத் தோட்டா இதுக்குக் கொஞ்சம் பொருத்தமா இருக்காதோன்னு ஒரு யோசனை, சௌகரியப்பட்டா ஒரு தடவை பார்த்துக்கிட்டா நல்லது."

எண்ணிப் பாருங்கள். ஒரு மன்னிப்பு, ஒரு தப்பா, ஒரு கொஞ்சம், ஒரு யோசனை, ஒரு சௌகரியம். வெடிக்கும் என்ற வார்த்தை எங்கே? கை போகும் என்ற வார்த்தை எங்கே? இந்த ஊரில் மேலே இருப்பவரின் மனம் நோகாமல் பேச வேண்டும் என்று மூன்று தலைமுறையாகப் பழகியவன் நான். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அப்பா கிரேன் ஓட்டினார், இருவரும் வளைந்தே பேசினார்கள். நான் அவர்களைவிட அழகாக வளைந்தேன். புத்தகம் படித்தவன் அல்லவா.

கோ லுவின் நிமிரக்கூட இல்லை. "சயா சொன்னதுதான்" என்றார். "சத்தம் வேணுமாம்."

நான் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன். என் முதுகுக்குப் பின்னால் விருந்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார், நாற்காலிகள் நிரம்பிவிட்டன, மைக் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. செல்வி இருபதடி தள்ளி லேனில் நின்றாள். காதில் சத்தத்தை அடைக்கும் மஃப் மாட்டியிருந்தாள். அவளிடம் போய்ச் சொல்ல எட்டு எட்டுதான். அந்த எட்டு எட்டு நடந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். நான் நடக்கவில்லை.

முதல் குண்டுக்குக் கை தட்டினார்கள். சத்தம் பிரமாதம். காலிக் கேஸ் பக்கத்து லேனைத் தாண்டிச் சுவரில் அடித்தது. இரண்டாவது கேஸும் சுவரில். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் நான்தான், நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மூன்றாவது வேறு மாதிரிச் சத்தம். மேகசின் கீழே பிய்ந்து விழுந்தது. கைப்பிடியின் இரண்டு மரப்பட்டையும் வெடித்துப் பறந்தன. செல்வி கத்தவில்லை. பிஸ்டலை, முனை டார்கெட்டைப் பார்த்தபடி, மேஜை மேல் வைத்தாள். கற்றுக்கொடுத்த ஒழுங்கு அப்படி. அதற்குப் பிறகுதான் தன் வலது கையைப் பார்த்தாள்.

ஸ்லைடில், சரியாகப் பேரல் பூட்டும் இடத்தில், நிக்கலுக்கு அடியிலிருந்து கீறல் ஓடியிருந்தது. முறிந்த ஓரத்தில் பாதி கறுப்பு, பாதி புதுசு. கறுப்புப் பாதி பழைய கீறல், போன வருஷத் தனாக்காவுக்குப் பிறகு விழுந்தது. நிக்கல் இல்லாமல் இருந்திருந்தால் தனாக்காவில் கோடு விழுந்திருக்கும். மெதுவான லோடாக இருந்திருந்தால் அந்த ஐந்தைத் தாங்கியும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தது.

நான் அவளை டாக்ஸியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வெடித்த கேஸின் பித்தளைத் துண்டு ஆள்காட்டி விரலின் நரம்பை அறுத்திருந்தது. திரும்பி வந்தபோது விழா முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முடியவில்லை. விருந்தினர் காற்றுத் துப்பாக்கியில் ஐந்து சுட்டுவிட்டுக் கைதட்டு வாங்கியிருந்தார். மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், மொஹிங்கா, பரிமாறிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் எனக்கு ஒரு கிண்ணம் நீட்டினார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அதுதான் என் கோபத்தின் லட்சணம் அப்போது. மீன் குழம்போடு நின்றேன்.

அறிக்கை

மறுநாள் செயலாளர் கூப்பிட்டார். "அறிக்கை எழுதணும், கோ மோ. ஷூட்டர் கட்டை விரலைத் தப்பான இடத்தில் வைச்சதால் நடந்த விபத்து. நாலு வரி போதும்."

"கட்டை விரல் சரியான இடத்தில்தான் இருந்தது, சயா. அடிபட்டது ஆள்காட்டி விரல்."

"அறிக்கையில் எந்த விரலும் ஒரு விரல்தான்."

இந்தத் தடவை நான் உட்கார்ந்து நாலு வரி அல்ல, இரண்டு பக்கம் எழுதினேன். பூச்சு, ஆசிட், ஊதா வளையம், சுவரில் அடித்த கேஸ். கடைசியில், "தோட்டா தவறு என்று ஆர்மரர் கண்டார், ஒருமுறை மெதுவாகச் சொன்னார், ஷூட்டரிடம் சொல்லவில்லை, நிறுத்தவில்லை" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செயலாளர் படித்தார். டிராயரில் போட்டார். பூட்டினார். கட்டை விரல் அறிக்கையை அவரே எழுதி அனுப்பினார். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. பிஸ்டல்களைக் கழற்றத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை. வெடித்த பிஸ்டலைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் தன் அறையில் வைத்துக்கொண்டார். நிக்கல் வீணாகப் போகக் கூடாதல்லவா.

கார்பன் காப்பி ஒன்று என்னிடம் இருந்தது. சில வாரம் கழித்துத்தான் அதை எடுத்துக்கொண்டு கியாக்தான் பஸ் ஏறினேன். செல்வி வீட்டு வாசலில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கட்டு முழங்கை வரை. டீம் தேர்வு அதற்கு முந்தின நாள் முடிந்திருந்தது. அவள் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர்.

இடது கையால் பிடித்துக் கடைசி வரி வரை படித்தாள்.

"தோட்டா தப்புன்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"யார்கிட்டச் சொன்னீங்க?"

"லுவின்கிட்ட."

"அவன் கையிலயா பிஸ்டல் இருந்தது?"

தாளை என் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"நான் காதை மூடிட்டு நின்னேன், அண்ணே. அது ரூல். நீங்க வாயை மூடிட்டு நின்னீங்களே, அது எந்த ரூல்?"

அவளுடைய அம்மா டீ கொண்டுவந்தாள். செல்வி, "அவர் குடிக்க மாட்டார்மா, கிளம்பறார்" என்றாள். கிளம்பினேன்.

கத்தல்

ஏழு மாதம் கழித்துக் கட்டு, பயிற்சி எல்லாம் முடிந்தும் அந்த விரல் மடங்கவில்லை. குமாஸ்தா வேலை போகாமல் இருக்க, சங்கத்தில் ஸ்கோர் எழுதும் வேலைக்கு அவளை மாற்றினார்கள். என்னோடு பேசுவாள். தேவையானதை மட்டும்.

அடுத்த ஆண்டு விழா. வேறு விருந்தினர், வேறு பிஸ்டல். இது ஜெர்மன் சாமான், இன்னும் வயசு அதிகம். வெடித்த பிஸ்டலுக்குப் பிறகு சுட்டுக் காட்டும் வழக்கத்தை எடுத்துவிட்டார்கள், விருந்தினரே நேராகச் சுடுவார். நான் தோட்டாவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, டார்கெட் தாள் கொண்டுவர உள்ளே போனேன். திரும்பி வந்தால் விருந்தினர் லேனில் நிற்கிறார். காதில் மஃப். பக்கத்தில் கோ லுவின், மேகசினை நீட்டுகிறார். மேஜையில் திறந்திருக்கிறது ஒரு பழுப்பு அட்டைப் பெட்டி.

"நிறுத்துடா!"

தமிழில். தொண்டை கிழிய. யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. விருந்தினர், செயலாளர், லுவின் மூவருக்கும் அந்த 'டா' சமமாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மஃபைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. விருந்தினர் அப்படியே உறைந்தார். நான் ஓடிப்போய் அவர் கையருகே இருந்த மேகசினைப் பிடுங்கினேன். பெட்டியைத் தட்டிவிட்டேன். தோட்டாக்கள் சிமெண்டுத் தரையில் சிதறி ஓடின. குனிந்து பார்த்தேன்.

ஊதா வளையம் இல்லை. ஒன்றில்கூட இல்லை.

மழையில் கூரை ஒழுகி நனைந்துபோன டப்பாவிலிருந்து என்னுடைய மெதுவான தோட்டாக்களை எடுத்து, காலியாகக் கிடந்த பழுப்புப் பெட்டியில் மாற்றிப் போட்டிருக்கிறார் கோ லுவின். எல்லாம் சரியான தோட்டா. அவர் வாழ்க்கையில் செய்த ஒரே முன்யோசனை. நான் சிமெண்டில் மண்டியிட்டு, நூறு பேர் முன்னால், சரியான தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஸ்கோர் மேஜையைப் பார்த்து, "மா வின், அவன் என்ன சொன்னான்? அது உங்க பாஷைதானே?" என்றார்.

செல்வி எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு மொழிபெயர்த்தாள். "பெரியவர்கள் தயவுசெய்து சற்றுப் பொறுத்தருளணும்னு வேண்டிக்கிட்டார், சயா."

"இவ்வளவு சத்தமாகவா?"

"எங்க பாஷையில் வேண்டுதல் கொஞ்சம் சத்தமாத்தான் வரும், சயா."

விருந்தினர் சிரித்துவிட்டார். பிறகு ஐந்தும் சுட்டார். கேஸ்கள் மூன்று எட்டில் விழுந்தன. ஐந்தில் ஒன்று டார்கெட்டில் பட்டது. பெரிய கைதட்டல்.

அந்த வாரமே எனக்கு வேலை போயிற்று. கடிதத்தில் காரணம், "பொறுப்பற்ற கூச்சல்". அந்தக் கடிதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கூச்சல் உண்மை. பொறுப்பைப் பற்றி அவர்கள் பேசியதுதான் எரிச்சல்.

இப்போது டாலாவில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். யாராவது ஆர்மரர் வேலைக்குச் சேரப் போகிறேன் என்று வந்தால் இவற்றைச் சொல்லி அனுப்புவேன். ஸ்பிரிங்கை வருஷம் ஒரு தடவை புதுசோடு வைத்து நீளம் பார். காலிக் கேஸ் எங்கே விழுகிறது என்று பார். சுட்ட பிறகு சூடான தண்ணீர் ஊற்றிக் கழுவு, இந்த ஊர் மழையில் ப்ரைமர் உப்பு ஒரே ராத்திரியில் பேரலைத் தின்றுவிடும். ஆபீஸ் அடுப்பு தராது, டீக்கடையில் ஓசிக்குக் கொடுக்கும் வெந்நீர்ப் பிளாஸ்க்கைக் கேள். பெட்டியைப் படிக்காதே, தோட்டாவைப் படி. யார் வந்து பாலிஷ் என்று சொன்னாலும் பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்.

பிறகு கத்தப் பழகு. பிஸ்டல் யார் கையில் இருக்கிறதோ அவரைப் பார்த்துக் கத்து. தப்பாகக் கத்தினால் அவமானம் வரும், வேலை போகும், நூறு பேர் முன்னால் மண்டியிட்டுப் பொறுக்க வேண்டி வரும். எனக்கு எல்லாம் வந்தது. மூன்று மாதத்தில் வேறு வேலையும் கிடைத்தது.

செல்வி இப்போதும் ஸ்கோர் எழுதுகிறாள். பேனாவை நடுவிரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்கிறாள். ஆள்காட்டி விரல் நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறது.